கடலைப் பார்க்கத் தெரிந்தவர்

எங்கள் ஊர் மகாராஜபுரத்தில் விவசாயிகளுக்கு ரெண்டு நாள் கூட்டம் நடத்த வந்த அந்த வானிலைக்காரரை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. தொண்ணூறுகளில் நடந்தது. ஒல்லியான ஆள். பேசும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். வானத்தை ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

முதல் நாள் காலையில், "இப்ப செயற்கைக்கோள் கடல் சூட்டையும் காத்தையும் பாத்துச் சொல்லுது. கம்ப்யூட்டர் கணக்கு முன்னமாதிரி தப்பாது. மூணு நாளைக்கு மழை இல்ல" என்றார். அதை நம்பி மிளகாயைக் களத்தில் காயப்போட்டேன். சாயங்காலமே மலையிலிருந்து மழை இறங்கி அவ்வளவையும் ஊறவைத்துவிட்டது.

ஆம்பளைகள் நடுவில் வாய் திறக்காத நான், மறுநாள் ஊறின மிளகாயில் ஒரு கை அள்ளி அவர் மேசையில் வைத்தேன்.

"கடலை எதுக்குய்யா பாக்கீக?"

"நடுக்கடல்ல அளந்து சொல்ல ஆள் கிடையாதும்மா. அதான் மேலயிருந்து பாக்கோம்."

"இங்க ஆள் இருக்கோமே. மேக்க மலை கறுத்ததை நேத்துக் காலையிலேயே பாத்தேன். நீங்க சொன்னீகன்னு எங்கண்ணை நம்பாம காயப்போட்டேன்."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எத்தனை மணிக்கும்மா கறுத்துச்சு?" என்று கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்த நோட்டுத் தாளை எந்தச் செயற்கைக்கோளுக்கு அனுப்பினாரோ, தெரியவில்லை.