மேரி அக்காவின் வேகம்

பல்கலைக்கழகத்தில் நான் படித்தது இயந்திரப் பொறியியலும் வணிக நிர்வாகமும். இறுதியாண்டு ஆய்வுக்காகச் செமோர் என்ற ஊரில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனேன். ஒரு பெட்டி நிரப்ப எத்தனை நொடி ஆகிறது என்று அளக்க வேண்டும்.

கையுறைகளைப் பெட்டியில் அடுக்கும் மேசையில் மூன்று பெண்கள் வேலை செய்தார்கள். மூத்தவரான மேரி அக்கா என் ஸ்டாப்வாட்சைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம புள்ள நல்ல மார்க் வாங்கணும் லா, வெரசா அடுக்குங்க," என்று மற்ற இருவரையும் விரட்டினார். அன்று தண்ணீர் குடிக்கக்கூட அவர் எழுந்திருக்கவில்லை.

யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்கள் வேகமாகத்தான் வேலை செய்வார்கள், அதைக் கழித்துக் கணக்கிட வேண்டும் என்று பாடத்திலேயே இருந்தது. நான் கழிக்கவில்லை. வந்த எண் அவ்வளவு அழகாக இருந்தது. மூவர் வேலைக்கு இருவர் போதும் என்று எழுதிக் கொடுத்தேன்.

நிர்வாகம் அப்படியே ஏற்றுக்கொண்டது. அடுத்த முறை நான் போனபோது மேரி அக்கா பையோடு வாசலில் நின்றார். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை.

"மார்க் வந்துருச்சா?"

"ஏ கிரேடு கிடைச்சிருக்கு அக்கா."

"நான்தான் சொன்னேன்ல!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இப்போது ஆட்களை அளப்பதுதான் என் உத்தியோகம். ஸ்டாப்வாட்சைப் பார்த்து யாராவது சிரித்தால், நான் பதிலுக்குச் சிரிப்பதில்லை.