பகலில் ஏற்றிய விளக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். இன்று காலை தொட்டியில் சித்தரத்தை தோண்டும்போது கிழங்கின் காரமான வாசனை மூக்கில் ஏற, சாலை அகலப்படுத்தியதில் போய்விட்ட எங்கள் நல்லம்பள்ளி வீட்டுக் கொல்லையும், துணி துவைத்த தண்ணீர் ஓடி எப்போதும் சொதசொதவென்றிருக்கும் மண்ணும், அதில் என் தோளுயரம் நின்ற சித்தரத்தைச் செடியும் கண்முன் வந்தன.

எனக்குப் பத்து வயது. செடி முதல்முறையாகப் பூத்தண்டு விட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு அந்தப் பூவை நானே வைக்கக் காத்திருந்தேன். அம்மா இல்லாத ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டு சாந்தியக்கா இருமும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும், இருமலுக்குக் கிழங்கு கேட்பாள், தோண்டினால் தண்டு சாய்ந்துவிடும் என்று ஓடிப்போய் சாமி விளக்கை ஏற்றினேன். விளக்கு வைத்தபின் செடியில் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம்.

"வெளக்கு வெச்சாச்சுங்கக்கா."

"வெயில் இன்னும் செவுத்துல நிக்குது, அதுக்குள்ளயா கண்ணு?" என்று சிரித்தவள், சுடரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "செரி, சாமி வெளக்காச்சே. காலைல வர்றேன்" என்று திரும்பினாள். சுவருக்கு அப்பால் அந்த இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

காலையில் அம்மா ஓரமாகத் தோண்டிக் கொடுத்தாள்; தண்டு சாயவே இல்லை. அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை பூவை வைக்கும்போது அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இப்போது யார் கேட்டாலும் விளக்கெரியும்போதே தோண்டித் தருகிறேன். இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைதானே என்று எனக்காகச் சமாதானம் சேர்க்காமல், நடந்தபடியே சொல்லுங்கள்.