பூவிழிக்குச் சொன்ன கேமரா

தசரதனுக்கு வாய் ஜாஸ்தி. மலையடிவாரத்தில் இருக்கும் அவருடைய ஸ்டுடியோவுக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவர்கள்கூட, கேமராவைப் பற்றிப் பாடம் கேட்காமல் வெளியே போனதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன், பூவிழியிடம் சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் முழுங்கிவிட்டார்.

பூவிழி மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுப் பெண். அக்கா அருணாவின் கல்யாணத்தைத் தானே படம் பிடிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். செல்போனில் இரண்டு டிஎஸ்எல்ஆர் கேமராக்களைக் காட்டினாள்.

"மொத மொதல்ல வாங்குறேண்ணே. இதுல எது தேவலாம்?"

இரண்டுமே புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கானவைதான். ஒன்றில் மெகாபிக்சல் அதிகம், தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் லென்ஸும் கூடவே வரும். மற்றதில் மெகாபிக்சல் கம்மி. ஆனால் அதோடு வரும் லென்ஸ், விளக்கு வெளிச்சத்திலும் முகத்தைப் பிடித்துவிடும்.

பூவிழி வீட்டில் தாலி கட்டுவது சாமி அறைக்குள். அங்கே ஃப்ளாஷ் அடிக்க விடமாட்டார்கள். அவள் சித்தப்பா கல்யாணத்தில் ஃப்ளாஷ் அடித்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் ஆயிற்றே தசரதன்! பூவிழிக்கு வழக்கம் தெரியும், லென்ஸ் தெரியாது. அவருக்கு இரண்டும் தெரியும்.

மலைக் கல்யாணமெல்லாம் அதுவரை அவருக்குத்தான் வந்துகொண்டிருந்தது. இவள் நன்றாக எடுத்துவிட்டால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? அவருக்கு வயிறு எரிந்தது.

"மொத கேமராவயே எடுத்துக்கம்மா. மெகாபிக்சல் ஜாஸ்தி, ரெண்டு லென்ஸ். இன்னா கொறச்சல்?"

சொன்னதில் பொய் இல்லைதான். அதைத்தான் திரும்பத் திரும்பத் தனக்கே சொல்லிக்கொண்டார். ஆனாலும் சோறு இறங்கவில்லை. ஒரு போன் போட்டு மாற்றி வாங்கச் சொல்லியிருக்கலாம். போடவில்லை, பாவி!

கல்யாணம் முடிந்து பூவிழி வந்தாள். வாசலில் எடுத்த படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு. சாமி அறைக்குள் எடுத்ததெல்லாம் ஒரே கலங்கல். தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளை எது, அருணா எது என்றே தெரியவில்லை.

"கம்ப்யூட்டர்ல எதனா பண்ண முடியுமாண்ணே?"

அவரும் என்னென்னவோ செய்து பார்த்தார். வெளிச்சம் கூட்டினால் புள்ளி புள்ளியாக வந்ததே தவிர முகம் வரவில்லை.

"உடுங்கண்ணே. நீங்க நல்ல கேமராதான் சொன்னீங்க, எனக்குத்தான் கை வரல. அக்கா எங்கிட்ட பேசறதே இல்ல. இத வேற யாருக்கானா குடுத்துடுங்க" என்று கேமராவை மேஜைமேல் வைத்தாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"உங்கையில ஒண்ணும் கொறயில்லம்மா. இருட்டுல இந்த லென்ஸு எடுக்காது. நீ காட்டுனதுல அந்த இன்னொரு கேமராதான் வாங்கியிருக்கணும்."

"எங்கிட்ட சொல்லும்போதே தெரியுமா?"

"தெரியும்." அவர் தலை நிமிரவில்லை.

பூவிழி அவரை நேராகப் பார்த்தாள். கண் கலங்கினாலும் குரல் கலங்கவில்லை.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எங்க வூட்டுக்கு வந்து, எல்லாரையும் வெச்சிக்கினு அக்காகிட்ட சொல்லுங்க."

சொன்னால் அப்புறம் மலையில் ஒரு வீட்டிலும் தன்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று தசரதனுக்குத் தெரியும். வெளியே பஸ் நிறுத்தத்தில் ஜீப்காரர் மலைக்குப் போக ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வர்றேம்மா" என்று எழுந்து, கடையின் ஷட்டரை இறக்கினார்.