ரப்பர் தார் ரோடும் அப்பாவின் மூச்சும்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அண்ணன் சொன்னார். எழுத உட்கார்ந்தால் எனக்கு அழுகையும் கோபமும்தான் முந்துகின்றன. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. கிணறு வற்றித் தென்னை பட்டுப்போன பிறகு ரோடு வேலைக்குப் போனார். பழைய டயர்களை அரைத்த தூளைக் கொதிக்கும் தாரில் கலக்கும் இடத்தில் அவருக்கு வேலை. சாதாரணத் தாரைவிட அதற்குச் சூடு அதிகம் வேண்டும், புகையும் அதிகம். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. ஆனால் பெருமைக்குக் குறைவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட, "வெயிலுக்கு இளகாதுங்க, மழைக்குப் பேராதுங்க" என்று ரோட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே தலையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு இருமல் வந்தது. நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது. "ஏனுங்க, அந்தப் பொகைக்குப் போவாதீங்க" என்று அம்மா கெஞ்சுவார்.

"கெளறாம உட்டா தூளெல்லாம் அடியில தங்கிப்போயிரும் புள்ள" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

நுரையீரல் கெட்டுவிட்டது என்றார் பாலக்காட்டு டாக்டர். புகையாலா என்று கேட்டோம். பீடியும் குடித்திருக்கிறாரே, எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். யார்மேல் கோபப்படுவது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. இனி வைத்தியமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அனுப்பினார்கள். வரும் வழியில் ஓரிடத்தில் ஆம்புலன்ஸ் குலுங்குவது நின்றது. ஆக்ஸிஜன் மாட்டிய முகத்தோடு அப்பா விரலால் கீழே காட்டினார். அவர்கள் போட்ட ரோடு. அதைத் திட்டவும் எங்களுக்கு வாய் வரவில்லை. மறுநாள் மாலை அவர் மூச்சு அடங்கியது.

நோயில் அவரைத் தாங்கிப் பிடித்த சித்தப்பாவுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் வணக்கம். தார் படிந்த கையோடு வந்து அப்பாவைச் சுமந்த அவருடைய வேலைத் தோழர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அடக்கத்தன்று காலையில்தான் எங்கள் தெருவுக்கு ரோடு போட அவர்கள் வந்திருந்தார்கள். விஷயம் தெரியாமல் கலவையை லாரியில் சுடச்சுடக் கொண்டுவந்துவிட்டார்கள். மேஸ்திரி வாசலில் நின்று அழுதார்.

"நிறுத்தச் சொன்னா நிறுத்திப்போடறோமுங்க. கலவை ஆறிக் கல்லாப் போனாலும் போவுதுங்க."

"போடுங்க. ஆற உட்டா அவரு வைவாரு" என்றார் அம்மா.

அவர்கள் அழுதுகொண்டே கலவையைக் கொட்டினார்கள். புகை வீட்டுக்குள் வந்தது. அப்பாவின் தலைமாட்டில் இருந்த அம்மா அவசரமாக எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "அவருக்கு இந்தப் பொக ஆவாது, கதவையும் சாத்துங்க" என்றார். அப்பாவின் மூக்கில் பஞ்சு வைத்திருந்தது. நான் போய்க் கதவைச் சாத்தினேன்.