சிவப்புக் கோடு போட்ட துண்டு

தெருவே பம்பரம் என்று கூப்பிடும் அவளுக்கு உட்காரவே தெரியாது என்று அவள் கணவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவர் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்ப்பவர். பகலெல்லாம் உட்கார்ந்தே சம்பாதித்துவிட்டு வீட்டுக்கு வந்தும் நாற்காலியைத் தேடுகிற ஆள். அவளோ அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி அலசப் போவாள், துணியைப் பாதியில் போட்டுவிட்டுக் கூடத்தைப் பெருக்குவாள், பால் பொங்கும்போது விளக்குமாற்றோடு ஓடி வருவாள். சாப்பிடுவதுகூட நின்றுகொண்டுதான்.

"நமக்குள்ள காலு எனக்கு, இடுப்பு உங்களுக்குன்னு பிரிச்சுக்கிட்டோம், அவ்வளவுதான்" என்பாள்.

பழைய மரக்கடையில் இருபத்தாறு வருஷமாக ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். இடித்த வீடுகளின் கதவு, நிலை, பரண் பலகை எல்லாம் லாரியில் வந்து இறங்கும். ஆணியைப் பிடுங்கி, பலகையின் முனை வெளியே தெரியும்படி அடுக்க வேண்டும். கரையான் மருந்து பூசிய பலகை என்று தெரிந்தால் முதலாளி அதன் முனையில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார். கோடு போட்டது வேலிக்குப் போகலாம், கூரைக்குப் போகலாம். சமையலறைப் பக்கமோ தொட்டில் பக்கமோ போகக்கூடாது. எழுதி வைக்காத சட்டம். ஆனாலும் இத்தனை வருஷத்தில் ஒருவரும் மீறியதில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு தலைமை நர்ஸ் கடைக்கு வந்தார். விபத்தில் அடிபட்டவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளும் இல்லம் அவருடையது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே செடி வளர்க்க, கால் வைத்த உயரமான மரப்பெட்டிகள் ஏழு வேண்டும், புது மரத்துக்குக் கட்டுப்படியாகாது என்றார். கடைத் தச்சர் கதவு வேலை குவிந்து கிடக்கிறது என்று கையை விரித்துவிட்டார்.

"நான் செய்றேன்" என்று பம்பரம் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்கே தெரிந்தது.

தச்சர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, நீ ஆணி பிடுங்குறவ. அடிக்கத் தெரியுமா உனக்கு?"

"பிடுங்குனவளுக்குத்தாண்ணே தெரியும், எவன் எவன் எப்படி மோசமா அடிச்சான்னு."

முதலாளியே சிரித்துவிட்டார். வேலை அவளுக்கு வந்தது.

இல்லத்திலிருந்து ஒரு சக்கர நாற்காலியைக் கடன் வாங்கி அதில் தானே உட்கார்ந்து, முழங்கால் இடிக்காத உயரம் எது, கை எட்டுகிற தூரம் எது என்று அளந்தாள். பலகை பொறுக்கினாள். பழைய பலகையின் முனை எப்போதும் வெடித்திருக்கும், ஆணித் தழும்பு அங்கேதான் அதிகம். அதனால் முதல் வேலையாக எல்லா முனைகளையும் நான்கு விரல் அளவு அறுத்துத் தள்ளினாள். அதன்பிறகு பழைய பூச்சும் அழுக்கும் போக இழைத்தாள். பெட்டிகள் புது மணப்பெண் மாதிரி இருந்தன. தச்சர் ஒவ்வொரு மூலையாகத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு குறையும் காணாமல் போனார். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு. மண் போட்டுக் கீரை விதைத்தார்கள். வியாழக்கிழமையன்று முதல் கீரையைப் பறித்து எல்லோருக்கும் சமைப்பதாக இருந்தது. நீயும் வர வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

அந்த வியாழக்கிழமை காலை கணவர் கூடத்திலிருந்து கூப்பிட்டார். "இந்த நாற்காலி ஒரு காலை நொண்டுது. அடியில குடுக்க ஏதாவது கட்டை இருக்கா பாரேன்."

அறுத்த முனைகளை அவள் இரண்டு சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாள். ஒன்றைச் சலவைக்காரர் அடுப்புக்கு என்று போன மாதமே வாங்கிப் போய்விட்டார். மற்றதில் கையை விட்டுத் துழாவி ஒரு துண்டை எடுத்தாள். அதன் முனையில் சிவப்புக் கோடு இருந்தது.

 அவள் மனசில் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடியது. கோடு முனையில் இருக்கும். முனையைத்தான் முதலில் அறுத்தாள். அடுக்கில் சரிந்து கிடந்த பலகை ஒன்றைக் கோடில்லாத பக்கத்தைப் பார்த்து எடுத்திருக்க வேண்டும். அறுக்கிற அவசரத்தில் மறுமுனையைத் திருப்பிப் பார்க்கவில்லை. மருந்து வாசனை போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். மருந்து போகாது. அந்தப் பலகை ஏழு பெட்டிகளில் ஏதோ ஒன்றில் ஈர மண்ணை அணைத்துக்கொண்டு நிற்கிறது.

"கட்டை கிடைச்சுதா?"

"நாற்காலி நொண்டட்டும்" என்று சொல்லிவிட்டு, துண்டையும் ஆணி பிடுங்கும் கம்பியையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றாள். கைப்பிடியை மாற்றி மாற்றிப் பிடித்தாள். சொன்னால் என்ன ஆகும்? ஆணி பிடுங்குகிறவளை நம்பி வேலை கொடுத்தால் இப்படித்தான் என்பார்கள். தச்சர் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார். இனி யாரும் ரம்பத்தை அவள் கையில் கொடுக்க மாட்டார்கள். சொல்லாவிட்டால்? ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். பஸ்ஸே மெதுவாகப் போவதாக அவளுக்குப் பட்டது.

முற்றத்தில் ஆறேழு பேர் சக்கர நாற்காலிகளில் மடியில் முறத்தோடு காத்திருந்தார்கள். யாரிடமும் பேசாமல் முதல் பெட்டியிடம் போய்க் குனிந்தாள். மூலைகளில் பலகைகளின் அறுத்த முகம் வெளியே தெரிந்தது. கையிலிருந்த துண்டின் அறுத்த முகத்தில் தெரிந்த மர வளையங்களை ஒவ்வொன்றோடும் வைத்துப் பார்த்தாள். இல்லை. இரண்டாவது பெட்டி. இல்லை. மூன்றாவது.

"என்னம்மா, மரத்துக்கு ஜாதகப் பொருத்தம் பாக்குறியா?" ஐந்தாவது பெட்டிக்காரர் கேட்டார். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு கால் இல்லாதவர், வாய் மட்டும் நிற்காதவர்.

அவருடைய பெட்டியில் பொருந்தியது. கீழ்ப் பலகை. ஒரு கோடு பிசகவில்லை. துண்டில் இருந்த அதே வளையங்கள் பெட்டியிலும்.

"அண்ணே, இதுல இருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"நாலு நாளா மேஞ்சுக்கிட்டுதான் இருக்கேன். யாரும் பாக்காதப்ப ரெண்டு ரெண்டு இலை. ஏன், போலீஸ்ல சொல்லப்போறியா?"

அவள் தலைமை நர்ஸிடம் போய், அவர் முகத்தைப் பார்க்காமல், துண்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ் டாக்டருக்கு போன் போட்டார். அந்தக் கொஞ்ச இலையில் ஒன்றும் ஆகாது, ரத்தம் மட்டும் எடுத்துப் பார்ப்போம், அந்தப் பெட்டிக் கீரையை யாரும் தொட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"சரிம்மா. நீயா வந்து சொன்னியே, அது போதும்" என்றார் நர்ஸ். "அதை மட்டும் ஓரமா இழுத்துப் போட்டுடலாம். மத்த ஆறும் நல்லாத்தானே இருக்கு?"

ஆமாம் என்று சொன்னால் போதும். ஆறு பெட்டிகள் நிற்கும், அவள் பேரும் நிற்கும். அவளுடைய கால்கள் மட்டும் நிற்கவில்லை. வாசல்வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"இன்னொரு சாக்கு இருந்துச்சுக்கா. எரிச்சுட்டாங்க. அதுல எத்தனை கோடு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது." மூச்சு வாங்கியது. "ஏழு பெட்டியையும் பிரிக்கணும்."

முற்றமே கொதித்துவிட்டது. கைநடுக்கத்தோடு விதை தூவிய முன்னாள் தையல்காரம்மா அழுதேவிட்டார். "ஒண்ணு கெட்டதுன்னா ஏழையுமா? நீ என்ன பொம்பளை?" என்று லாரிக்காரர் கத்தினார்.  பம்பரத்துக்குச் சண்டை போட வராது. பையிலிருந்து கம்பியை எடுத்துக்கொண்டு நர்ஸைப் பார்த்தாள்.

நர்ஸ் பெட்டிகளையும் காத்திருந்தவர்களின் மடியிலிருந்த முறங்களையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். "அந்தப் பக்கத்தை நான் பிடிக்கிறேன். சொல்லு, எங்க இருந்து ஆரம்பிக்கணும்?"

மதியத்துக்குள் ஏழு பெட்டிகளும் பலகைகளாகிவிட்டன. மண்ணைச் சாக்கில் அள்ளி, பயிர் வைக்காத இடத்தில் கொட்ட என்று ஓரமாக ஒதுக்கினார்கள். கீரை மொத்தமும் போயிற்று. இந்த முறை மருந்து பூசாதது என்று முதலாளி வாங்கும்போதே எழுதி வைத்திருக்கும் ஒரே வீட்டின் பரண் பலகைகளை மட்டும் எடுப்பதாகவும், இரண்டு முனையையும் நர்ஸிடம் காட்டிவிட்டுத்தான் அறுப்பதாகவும் பம்பரம் சொன்னாள். அதுவரைக்கும் தன் கூலியைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

லாரிக்காரர் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"எப்ப வரும் புதுசு?"

"அடுத்த வியாழக்கிழமைண்ணே."

"உன் வியாழக்கிழமையை நம்ப மாட்டேன். அறுக்குறப்ப நான் கூட இருக்கணும். முனையை நான் பாக்கணும்."

"கடைக்கு வர்றீங்களா? படி இருக்கே."

"படிக்கு ஒரு பலகை போட உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லிவிட்டு, அவருடைய நாற்காலிச் சக்கரங்களுக்கு இடையே எத்தனை சாண் என்று குனிந்து அளக்க ஆரம்பித்தாள்.