இரண்டு சீட்டுக் காருக்கு ஒரு கேரியர்

புளூடென்ஸ் என்ற மலையடிவார ஊரில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கார் சாமான் கடையில் பதினோரு வருஷமாக டயர் மாட்டுகிறேன். முன்பக்கம் ரோஸ்விதா நிக்கின் ராஜ்யம். ஐம்பத்து நான்கு வயது. கார்க் கூரைமேல் வைக்கும் கேரியர் விஷயத்தில் எங்கள் ஜில்லாவில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. கார் வாசலில் வந்து நிற்கும்போதே, எந்தக் கேரியர் பொருந்தும், எத்தனை ஜோடி பனிச்சறுக்குக் கட்டை ஏறும் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிடுவாள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

புருஷன் பிரிந்துபோய் நெடுநாள் ஆயிற்று. பிள்ளைகள் இல்லை. அவளுக்கென்று இருந்தது சனிக்கிழமையும் இர்மாவும்தான். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இர்மா ஊர் நூலகத்தில் வேலை பார்த்தாள். டிசம்பரில் பனி பிடித்ததிலிருந்து ஈஸ்டர் முடியும்வரை, சனிக்கிழமை தோறும் அக்காவின் பழைய வண்டியில் இருவரும் ஸ்டூபன் மலைக்குச் சறுக்கப் போவார்கள். பத்தொன்பது குளிர்காலம் அப்படிப் போனது. அக்கா ரொட்டி கொண்டுவருவாள், இர்மா டீ கொண்டுவருவாள். திங்கட்கிழமை காலையில் யார் எத்தனை தடவை விழுந்தார்கள் என்ற கணக்கு எனக்கு வந்து சேரும்.

போன நவம்பருக்கு முந்தின நவம்பரில் இர்மா பாட்டுக் குழுவில் ஒருவரைச் சந்தித்தாள். எக்பெர்ட் என்று பெயர், டோர்ன்பிர்ன் பக்கத்து மாட்டு டாக்டர், மனைவியை இழந்தவர். அறுபது வயதுக்குமேல் அவருக்கு ஒரு ஆசை வந்து, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தார். அதில் இரண்டே சீட்டு.

"மாட்டு டாக்டருக்கு எதுக்குடா ரெண்டு சீட்டு காரு? கன்னுக்குட்டிய மடியில வச்சுட்டுப் போவாரோ?" என்றாள் அக்கா என்னிடம். சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் அன்று மட்டும் அதையே மூன்று தடவை சொன்னாள்.

ஜனவரி முதல் வாரத்தில் இர்மா போன் செய்தாள். இந்தச் சனிக்கிழமை எக்பெர்ட்டோடு போகிறாளாம். மூன்று பேருமாகத் தன் வண்டியில் போகலாமே என்று அக்கா கேட்டிருக்கிறாள். அவருக்குத் தன் காரை மலையில் ஓட்டிப் பார்க்க ஆசை என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டு அக்கா வைப்பர் பெட்டிகளையெல்லாம் அலமாரியிலிருந்து இறக்கி மறுபடி அடுக்கினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்தக் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. சாம்பல் நிறம், தரையோடு தரையாகப் படுத்திருந்தது. இறங்கி வந்தவர் உயரமான, கூச்ச சுபாவமுள்ள மனிதர்.

"நீங்கதானே ரோஸ்விதா? இர்மா அனுப்பினா. கேரியர்னா உங்களைத்தான் கேட்கணும், நீங்க சொன்னா சரியா இருக்கும்னு சொன்னா. டிக்கியில ஒரு பைதான் வைக்க முடியுது. ரெண்டு ஜோடி கட்டைய எங்க வைக்கிறதுன்னு தெரியல."

அக்கா ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தாள். "இதுக்குக் கேரியர் கிடையாது டாக்டர். கூரையில கம்பி இல்ல, கொக்கி மாட்ட விளிம்பு இல்ல. இந்த மாதிரி காரெல்லாம் வெயில்ல ஓட்டத்தான்."

"காந்தம் வச்சது ஒண்ணு இருக்காமே?"

அக்கா மேஜையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கூரையில் வைத்தாள். அது சறுக்கிக் கீழே விழுந்தது. "அலுமினியம். ஒட்டாது," என்றாள். அவள் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

மனிதர் வாடிப்போய்விட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு அங்கே நின்றிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அக்கா, ரப்பர் கிண்ணம் வச்சது ஒண்ணு இருக்கே, காத்தை உறிஞ்சிப் பிடிக்குமே, அது எந்தக் கூரையிலயும் நிக்குமே?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்தாள்.

அவர் சந்தோஷத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். "இர்மா பாவம். இத்தனை வருஷமா உங்க வண்டியில போறப்ப அவ காலு விறைச்சுப் போகுமாம். ஹீட்டர் அந்தப் பக்கம் வேலை செய்யாதாமே? என் காரு சின்னதுதான், ஆனா உள்ள கதகதன்னு இருக்கும்."

அக்காவின் கை பெட்டிமேலேயே நின்றுவிட்டது. "அப்படியா சொன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேரியரை விற்கும்போது அவள் அரைமணி நேரம் பாடம் நடத்துவாள். கூரையை இரண்டு தடவை கழுவித் துடைக்க வேண்டும். கிண்ணத்தை ஈரமாக்க வேண்டும். கடுங்குளிரில் ரப்பர் விறைத்துவிடும், ஆகவே சூடான கொட்டகைக்குள் வைத்துத்தான் மாட்ட வேண்டும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு சின்னப் பம்பு உண்டு. காற்று புகுந்தால் அதில் சிவப்பு வளையம் வெளியே தெரியும். அரைமணிக்கு ஒரு தடவை நிறுத்திப் பார்க்க வேண்டும். வாங்குபவர் கொட்டாவி விட்டாலும் அவள் விடமாட்டாள்.

அன்று பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். "உள்ள பேப்பர் இருக்கு. படிச்சுக்கங்க."

"பொடி எழுத்தா இருக்கே. நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லிடுங்களேன்."

"ஒட்ட வச்சு அமுக்கினாப் போதும். கடை சாத்தற நேரம் டாக்டர்."

நான் பின்னால் போய்விட்டிருந்தேன். இந்தக் கடைசிப் பேச்சு எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமை அக்காவுக்கு லீவு. ஆனால் அன்று காலை கடைக்கு வந்துவிட்டாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு டிகிரி. எட்டரை மணிவாக்கில் சாம்பல் நிறக் கார் தெருவைக் கடந்து போனது. கூரையில் இரண்டு ஜோடி கட்டைகள். பனி உருகச் சாலையில் போடும் உப்பு கார் முழுவதும் வெள்ளையாகப் படிந்திருந்தது. கூரையை யாரும் துடைக்கவே இல்லை என்று எனக்கே தெரிந்தது. எங்கள் பக்கம் இருந்த சீட்டில் இர்மா எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கொஞ்ச நேரம் கண்ணாடி கழுவும் திரவப் புட்டிகளை எண்ணினாள். பிறகு பட்டறைக்கு வந்தாள்.

"யோடோக், என் வண்டிய நீ எடு. நான் இர்மாவுக்குப் போன் போடணும்."

"எங்க அக்கா?"

"ஸ்டூபன் ரோட்டுல. சீக்கிரம்."

முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினோம். வழியில் நான்கு தடவை போட்டாள். எடுக்கவில்லை. அப்போதுதான் வியாழக்கிழமை நடந்ததை முழுசாகச் சொன்னாள். "அந்தாளு ரோட்டோரமா நின்னு கட்டைய வச்சுக்கிட்டு முழிக்கட்டும்னுதான் நெனச்சேன். வேற ஒண்ணும் நெனைக்கலடா. அது பறந்து போய் யாரு மேலயாவது விழும்னு இப்ப அந்த உப்பைப் பாக்கிற வரைக்கும் தோணவே இல்ல. இல்ல, தோணிச்சு. தோணினதை ஒதுக்கிட்டேன்."

நல்லவேளையாக டாக்டர் மெதுவாக ஓட்டுபவர். டாலாஸுக்குப் பக்கத்தில் பெட்ரோல் பங்க்கில் கார் நின்றிருந்தது. அவர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், இர்மா கையில் காப்பியோடு பக்கத்தில் நின்றாள்.

"ரோஸ்விதா? நீ எங்கடீ இங்க?"

அக்கா நேராகக் காரின் கூரையைப் பார்க்கப் போனாள். நான்கு பம்புகளில் மூன்றில் சிவப்பு வளையம் வெளியே வந்திருந்தது. முன்பக்கத்துக் கிண்ணத்தை இரண்டு விரலால் தொட்டாள். அது அப்படியே கையோடு வந்துவிட்டது. டாக்டர் துணியைக் கீழே போட்டுவிட்டார்.

"நான்தான் சரியா மாட்டல போல," என்றார்.

"நீங்க இல்ல. எப்படி மாட்டணும்னு நான் சொல்லல," என்றாள் அக்கா.

"மறந்துட்டியா?" என்று இர்மா கேட்டாள். ஆம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"மறக்கல. தெரிஞ்சேதான் சொல்லல."

இர்மா பக்கத்தில் வந்தாள். "எதுக்குடீ?"

"காலு விறைக்குதுன்னு அவருகிட்ட சொல்லத் தெரிஞ்சுது. பத்தொன்பது வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடீ?"

"அதுக்காகவா? பின்னாடி ஒரு குடும்பம் வந்திருந்தா? கட்டை அவங்க கண்ணாடியில போய்ச் சொருகியிருந்தா?" இர்மாவின் குரல் உயரவில்லை. அதுதான் கேட்கப் பயமாக இருந்தது. "உன் மனசு சங்கடப்படும்னுதான்டீ சொல்லாம இருந்தேன். இனிமே அந்தக் கவலை எனக்கு இல்ல." காப்பியோடு உள்ளே போய்விட்டாள்.

அக்கா பங்க்கில் வெந்நீர் வாங்கினாள். காரைக் கழுவுகிற கொட்டகைக்குள் விடச் சொல்லி, கட்டைகளை இறக்கி, கூரையைக் கழுவித் துடைத்து, கிண்ணங்களை வெந்நீரில் போட்டு எடுத்து, ஒவ்வொன்றாக மாட்டினாள். டாக்டர் பக்கத்தில் நின்று மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டார். அரைமணி நேரம் காத்திருந்து வளையங்களைப் பார்த்துவிட்டுத்தான் போகச் சொன்னாள். இர்மா வெளியே வந்து, எங்கள் பக்கம் திரும்பாமல் காரில் ஏறினாள்.

திங்கட்கிழமை அக்காவே முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் ஈஸ்டர்வரை கேரியர் விற்க விடவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் சின்னப் பெண்ணொருத்தி தப்புத் தப்பாகச் செய்வதை அவள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருந்தது. சனிக்கிழமைகளில் தனியாகப் போனாள். அங்கே நிறுத்துமிடத்தில் சாம்பல் காரைப் பார்த்தால் ஸ்டூபனைத் தாண்டி வேறு மலைக்குப் போய்விடுவாளாம்.

டயர் மாற்ற ஏப்ரலில் டாக்டர் வந்தார். "எனக்குக் கோபமில்ல. மாடு இதைவிட மோசமா உதைச்சிருக்கு," என்றார் அக்காவிடம். "அவளுக்குத்தான் இன்னும் ஆறல."

"நீங்க ஏன் இவ்வளவு நல்லவரா இருக்கீங்க? கெட்டவரா இருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்," என்றாள் அக்கா. அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இந்த ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அக்காவின் போன் அடித்தது. டாக்டருக்கு மூன்று பண்ணையில் கன்று ஈனும் மாடுகள், நகர முடியாது. "நாளைக்கு உன் வண்டி காலியா?" என்று இர்மா கேட்டாள். அவ்வளவுதான் பேச்சு.

திங்கட்கிழமை எனக்குக் கணக்கு வந்தது. புளூடென்ஸிலிருந்து டாலாஸ்வரை ஒரு வார்த்தை இல்லையாம். டாலாஸிலிருந்து ஸ்டூபன்வரை சண்டையாம். மலைக்கு ஏற்றிவிடும் கடைசி லிஃப்ட் நிற்கும்வரை சறுக்கினார்களாம். இர்மா மூன்று தடவை விழுந்தாள், அக்கா ஐந்து தடவை.

"அப்ப பழையபடி ஆயிடுச்சா அக்கா?"

"எங்கடா. அடுத்த வாரம் அவரோடதான் போறா." வாசலில் வந்து நின்ற ஒரு காரை அவள் ஜன்னல் வழியாக அளவெடுத்தாள். "இப்பவும் வயிறு எரியத்தான் செய்யுது," என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கப் போனாள்.