கைதட்டாத மண்டபத்தில் கிடைத்த பதில்

என் வலது தோள் என் பேச்சைக் கேட்காமல் போனது மூன்று வருடத்துக்கு முன்னால், தீபாவளி முடிந்த வாரம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மிச்சமிருந்த பட்டாசைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். நான் தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்றேன். வெடிச் சத்தம் கேட்டதும் தோள் ஒரு வெட்டு வெட்டியது. கழுத்து திரும்பிக்கொண்டது. கோப்பை சுவரில் போய் உடைந்தது. பயந்துவிட்டாய் என்று என் வீட்டுக்காரர் மனோகர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் கதவை அறைந்து சாத்தினால் வெட்டியது. குக்கர் விசில் அடித்தால் வெட்டியது. சில நாள் ஆளையே தரையில் தூக்கிப் போட்டது. கிளினிக்குக்குப் போனேன். தசை வலிக்கு மாத்திரை கொடுத்து, கவலைப்படாமல் இருக்கச் சொன்னார்கள்.

கோயில் மலருக்கு அம்மன் அருள் பெற்ற அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் கேட்டதால் இதை எழுதுகிறேன். எனக்கு அருள் கிடைத்தது உண்மை. ஆனால் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிற அருள் அது இல்லை. படித்துவிட்டு மலரில் போடுவதும் போடாமல் விடுவதும் உங்கள் விருப்பம்.

நம் ஊரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் மரமெல்லாம் போய் வீடுகள் வந்துவிட்டன, ஆனாலும் மாரியம்மன் கோயிலை இன்னும் தோட்டத்துக் கோயில் என்றுதான் சொல்கிறோம். இங்கே ஒருத்திக்கு உடம்பு தானாக ஆடினால், போவதற்கு இரண்டே இடம்தான் நமக்குத் தெரியும். ஒன்று கோயில். இன்னொன்று தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை. ஈப்போவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் நேரே தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மனோகர் பயந்தார். அதனால் என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை உறுமி மேளத்தை என் முதுகுக்குப் பின்னால் ஆரம்பித்தீர்கள். முதல் அடிக்கே நான் தரையில் கிடந்தேன். அம்மா வந்துவிட்டாள் என்று யாரோ கத்தினார்கள். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினீர்கள். கையில் வேப்பிலையைத் திணித்தீர்கள். நான் எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் மேளத்தை இன்னும் வேகமாக அடித்தீர்கள். அடிக்க அடிக்க உடம்பு தூக்கிப் போட்டது. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரத்தம் வந்தது. அதையும் கையெடுத்துக் கும்பிட்டீர்கள்.

அன்றிலிருந்து எனக்கென்று ஒரு பலகை போட்டீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் எலுமிச்சம்பழத்தோடு வரிசையில் நின்றீர்கள். மனோகரின் அக்கா சரோஜா அண்ணி என் பக்கத்தில் நின்றுகொண்டு, அம்மன் சொல்வதாக ஒவ்வொருவருக்கும் வாக்குச் சொன்னார். நான் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. கல்யாணம் எப்போது நடக்கும், வேலை கிடைக்குமா, வீடு வாங்கலாமா என்று கேட்டீர்கள். லாட்டரிக்கு நம்பர் கேட்டவர்கள்தான் அதிகம். நான் வாயைத் திறக்காததால், என் தோள் எத்தனை தடவை வெட்டுகிறது என்று எண்ணி, அதையே நம்பராக எழுதிக்கொண்டு கடைக்கு ஓடினார்கள். ஒருவருக்கு நம்பர் அடித்துவிட்டது. அவ்வளவுதான், அடுத்த வாரம் ஈப்போவிலிருந்தெல்லாம் கார் வந்து நின்றது.

இரண்டு வருடம் இப்படியே போயிற்று. என்னிடம் கேட்காத கேள்வி இல்லை. என் உடம்பைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில் என்னால் கையைத் தூக்கித் தலை வார முடியாது. என் மகள் ஷாலினிதான் வாரிவிடுவாள்.  

போன வருடம் ஆடி பிறந்த சமயம். சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. எனக்குத் தோள் வெட்டியது. மேசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த ஷாலினிக்கும் வெட்டியது. பேனா பறந்தது. அவளுக்கு அப்போது பதினான்கு வயது. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார் சரோஜா அண்ணி. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

“பிள்ளை மேலயும் வந்துட்டாடி தாயி,” என்றார்.

அன்று சாயங்காலமே கோயில் தலைவரிடம் பேசிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஷாலினிக்குக் காப்புக் கட்டி, மஞ்சள் சேலை உடுத்தி, என் பலகைக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது என்று முடிவாகிவிட்டது. என்னைக் கேட்கவில்லை. சாமி வந்தவளிடம் யாராவது அனுமதி கேட்பார்களா? ஷாலினி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

“அப்புறம் நான் ஸ்கூலுக்குப் போலாமா மா?”

 அவளையும் மேளத்துக்கு முன்னால் தள்ளுவீர்கள், அவள் தோளையும் எண்ணுவீர்கள் என்று தெரிந்துவிட்டது. அன்று வெறுத்துப்போய் வீட்டுச் சாமி மேடை முன்னால் உட்கார்ந்தேன். விளக்குக்கூட ஏற்றவில்லை. தாயே, என் உடம்பில் ஆடுவது நீயா இல்லையா, எனக்குத் தெரிந்தாக வேண்டும். நீதான் என்றால் என் பிள்ளையை நானே கொண்டுவந்து உட்கார வைக்கிறேன். நீ இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சொல்லிவிடு. எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு. இப்படித்தான் வேண்டினேன். வேண்டினேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்பதுதான் சரி.

நான் ஈப்போவில் ஒரு கேட்டரிங்கில் வேலை செய்கிறேன். என் கை இப்படி இருப்பதால் முதலாளியம்மா சூடான எதையும் என்னிடம் கொடுக்கமாட்டார். பலகாரத் தட்டுதான் என் வேலை. அந்தச் சனிக்கிழமை ஒரு மண்டபத்தில் மாநாடு. அபூர்வமான நரம்பு நோய் உள்ளவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சேர்ந்து நடத்துகிறார்கள், மறுநாள் காலையில் நிதி திரட்ட ஒரு நடைப்பயணமும் இருக்கிறது என்றார்கள். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. என் நினைப்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மேல் இருந்தது.

மண்டபத்துக்குள் போனதும் ஒன்று வித்தியாசமாகப் பட்டது. மேடையில் ஒருவர் பேசி முடித்தார். யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் இரண்டு கையையும் மேலே தூக்கி விரல்களை ஆட்டினார்கள். சாவு வீட்டில்கூட இவ்வளவு அமைதி இருக்காது. சத்தம் கேட்டால் சிலருக்கு உடம்பு தூக்கிப் போடும், அதனால் கைதட்ட வேண்டாம் என்று கதவில் ஒட்டியிருக்கிறது என்றாள் என்னோடு வேலை செய்கிறவள். நான் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு எவர்சில்வர் மூடி தரையில் விழுந்தது. என் தோள் வெட்டியது. தட்டிலிருந்த பலகாரமெல்லாம் பறந்தது. பழக்க தோஷம், கண்ணை மூடிக்கொண்டு ‘அம்மா தாயே’ என்ற கூச்சலுக்காகக் காத்திருந்தேன். யாரும் கூச்சல் போடவில்லை. கண்ணைத் திறந்தேன். எனக்கு முன்னால் இருந்த மேசையில் ஒரு மலாய்க்கார அம்மாவுக்கு வலது தோள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. என் தோள் ஆடுகிற அதே ஆட்டம். பக்கத்தில் ஒரு சீனப் பெரியவர், கழுத்து ஒரு பக்கம் திரும்பியிருக்க, இரண்டு கையாலும் கோப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் சட்டை முழுக்கத் தேநீர். வெளியூரில் சொந்த ஊர்க்காரனைக் கண்டதுபோல இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஏய், சேம் சேம் லா,” என்றார் அந்தப் பெரியவர், நமக்கெல்லாம் ஒன்றுதான் என்கிற மாதிரி.

அவர்கள் காலில் யாரும் விழவில்லை. யாரும் நம்பர் கேட்கவில்லை. ஒருவர் வந்து சட்டையைத் துடைக்கத் துணி கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த மலாய்க்கார அம்மா மெதுவாக எழுந்து வந்து, என்னோடு குனிந்து பலகாரத்தைப் பொறுக்கினார். பிறகு என் தோளைத் தொடாமல், கையை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் பாஷையில் கேட்டார்.

“சாக்கிட் தாக், கா?”

வலிக்கிறதா அக்கா என்று கேட்டார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு வருடத்து அழுகை. வலிக்கிறது, ரொம்ப வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் பெயர் ரோஸ். பத்து வருடமாக அவருக்கு இது இருக்கிறதாம். இது நரம்பு, பைத்தியம் இல்லை, பேய் இல்லை, என் அண்ணனுக்கும் இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். அண்ணனுக்கும் என்றதும் எனக்கு ஷாலினி முகம்தான் வந்தது.

அவரே என்னை அங்கு வந்திருந்த ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் என் பின்னால் நின்று மெதுவாக விரலைச் சொடுக்கினார். என் தோள் எத்தனை தடவை வெட்டுகிறது என்று எண்ணினார். எண்ணியதும் எனக்குத் திக்கென்றது. பிறகுதான் புரிந்தது, இவர் நம்பருக்காக எண்ணவில்லை. திங்கட்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், இது குடும்பத்தில் வரக்கூடியது, சீக்கிரம் பார்த்தால் பிள்ளைக்கு நல்லது என்றார். தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்புவீர்களா என்று கேட்டேன். எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டார். 

வீட்டுக்கு வந்தபோது சரோஜா அண்ணி மஞ்சள் சேலையை மடித்து எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். நாளைக்கு ஷாலினி கோயிலுக்கு வரமாட்டாள், நானும் அவளும் நடைப்பயணத்துக்குப் போகிறோம் என்றேன்.

“ஒரு மலாய்க்காரி சொல்லிட்டா சாமி இல்லேன்னு ஆயிருமா?” என்றார்.

“நான் அம்மாகிட்டத்தான் கேட்டேன் அண்ணி. அவ சொல்லிட்டா.”

“எப்போ சொன்னா?”

“இன்னிக்கு மத்தியானம்.”

என் நாக்கில் உட்கார்ந்து பேசுகிறவள் வேறு எங்கே போய்ச் சொன்னாள் என்று கேட்டார். இத்தனை நாள் என் நாக்கில் நீங்கள்தானே உட்கார்ந்திருந்தீர்கள் என்று சொல்ல வந்தேன். விழுங்கிக்கொண்டேன். மனோகர் அங்கேதான் இருந்தார். அக்காவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் காரை வெளியே எடுத்தார். எந்தப் பக்கம் போகப்போகிறார் என்று தெரியாமலே நானும் ஷாலினியும் ஏறினோம். முச்சந்தியில் வண்டி நின்றது. இடது பக்கம் கோயில். மேளக்காரர்கள் உறுமியைச் சூடு காட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம் வந்தது. பின் சீட்டில் எனக்கும் ஷாலினிக்கும் ஒரே நேரத்தில் தோள் வெட்டியது. மனோகர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். கண்ணாடிக் கதவையெல்லாம் ஏற்றிவிட்டு, வண்டியை ஈப்போ பக்கம் திருப்பினார்.

நடைப்பயணம் ஒரு பூங்காவில். ஊதலும் இல்லை, மேளமும் இல்லை. ஒருவர் பச்சைத் துணியைத் தூக்கிக் காட்டினார், எல்லோரும் நடந்தார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் முன்னால் போனார்கள். ரோஸ் எங்களோடு நடந்தார். பாதி வழியில் ஒரு நாய் குரைத்தது. முன்வரிசை, பின்வரிசை என்று ஆங்காங்கே பல தோள்கள் ஒன்றாக வெட்டின. ஷாலினி சிரித்துவிட்டாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

“இத்தனை பேருக்கா மா சாமி வருது?” என்றாள்.

இப்போது நாங்கள் இருவரும் மாத்திரை சாப்பிடுகிறோம். முழுக்கப் போய்விடவில்லை, போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் தரையில் விழுவதில்லை. என் தலையை நானே வாரிக்கொள்கிறேன். ஷாலினி பள்ளிக்குப் போகிறாள். மணி அடிக்கும்போது மட்டும் காதைப் பொத்திக்கொள்கிறாள்.

டாக்டர் பின்னால் போனதால் அம்மன் என்னைவிட்டுப் போய்விட்டாள் என்று நீங்கள் பேசுவது என் காதுக்கு வருகிறது. சரோஜா அண்ணி எங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை. வரிசையில் நின்ற ஒருவர்கூட வந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. இந்த வருடத் திருவிழாவில் நாங்கள் குங்குமம் வாங்குகிற ஒரு நிமிடம் மட்டும் மேளத்தை நிறுத்த முடியுமா என்று தலைவரிடம் கேட்டேன். மேளம் இல்லாமல் என்ன பூசை என்றார். அதனால் நானும் மகளும் கார் நிறுத்துகிற இடத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தோம். கசப்புத்தான். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

ஆனாலும் வாரநாள் மத்தியானத்தில், நடை சாத்தி யாரும் இல்லாதபோது வருகிறேன். கம்பிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். முன்பைவிட இப்போதுதான் அவளை அதிகம் நம்புகிறேன். கேட்டேன், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சொன்னாள். நான் தமிழில் கேட்டதற்கு மலாயில் பதில் அனுப்பினாள். என் பிள்ளையை எனக்கே திருப்பிக் கொடுத்தாள். நீங்களும் கேளுங்கள், சொல்வாள். நமக்குப் பிடித்த வாயால்தான் சொல்ல வேண்டும் என்று அவளிடம் அடம் பிடிக்காதீர்கள்.

அந்தப் பலகை இன்னும் கோயிலில்தான் இருக்கிறது. நாளைக்கே இன்னொருத்தி அதில் உட்காரலாம். நீங்கள் எலுமிச்சம்பழத்தோடு போவீர்கள். போங்கள். காலில் விழுவதற்கு முன்னால் மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, குனிந்து அவள் காதில் வலிக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சாமியாக இருந்தால் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டாள். மனுஷியாக இருந்தால் அழுவாள்.

நான் அழுதேன்.